அனிமே தேர்வில் முதலில் நீளத்தைப் பாருங்கள்

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள், 1999 முதல் ஒளிபரப்பாகி ஆயிரம் பகுதிகளைக் கடந்துவிட்ட 'ஒன் பீஸ்' தொடரில் இறங்கிப் பாதியில் சோர்ந்துபோவதைவிட, ஏற்கெனவே நிறைவடைந்த சிறிய தொடர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. துப்பறியும் கதைகளை விரும்புவோருக்கு 37 பகுதிகளே கொண்ட 'டெத் நோட்' பொருந்தும். சாகசமும் உடன்பிறப்புப் பாசமும் வேண்டுவோர் 64 பகுதிகளில் முடியும் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' தொடரை நாடலாம். அமைதியை விரும்பினால், பெரும்பாலும் ஒவ்வொரு பகுதியும் தனிக்கதையாக அமைந்த 'முஷிஷி' இருக்கிறது. என் விருப்பமும் அதுவே. 'ஷோனென்', 'செய்னென்' ஆகிய சொற்கள் கதையின் வகையை அல்லாமல், முறையே சிறுவர், வளர்ந்த ஆண்கள் என ஜப்பானியச் சித்திரக்கதை இதழ்கள் கருதும் வாசகர் பிரிவையே குறிப்பதால், அவற்றை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம்.