கால் குளிராமல், கரண்ட் பில்லும் ஏறாமல்: தரை ஹீட்டரைப் பழகுவது எப்படி?

நுவரெலியாவில் தை, மாசி விடியலில் டைல்ஸ் தரையில் வெறுங்காலை வைத்தவர்களுக்கு நான் எதுவும் விளக்கத் தேவையில்லை. அம்மாவின் முழங்கால் வலிக்காகத்தான் போன வருஷம் அவர் அறையில் டைல்ஸுக்கு அடியில் ஹீட்டிங் வயர் போட்டோம். முதல் மாத பில்லைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னது: "இதுக்கு நாலு கம்பளி வாங்கியிருக்கலாமேடா."

பிழை என்னுடையதுதான். கேத்தல் மாதிரி நினைத்துவிட்டேன். குளிர் எடுத்ததும் சுவிட்சைப் போடுவேன், பத்து நிமிஷத்தில் சூடு வராவிட்டால் தெர்மோஸ்டாட்டை, அதாவது குறித்த சூடு வந்ததும் ஹீட்டரை நிறுத்தும் கருவியை, 30 டிகிரிக்கு ஏற்றுவேன். 24 வைத்தாலும் 30 வைத்தாலும் வயர் ஒரே வேகத்தில்தான் சூடாகும். 30 வைத்தால் நிற்கத்தான் பிந்தும். தரை ஹீட்டர் நம்ம விறகடுப்பு மாதிரி. மெல்லத்தான் ஏறும், ஆனால் நெருப்பு அணைந்த பிறகும் அடுப்புத்திட்டில் பூனை படுத்திருக்கும் இல்லையா, அந்தச் சூடுதான் நமக்கு லாபம்.

1. ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத அறையென்றால் ஹீட்டரை மறந்துவிட்டு முதலில் சீலிங் அடியுங்கள். கதவடி இடைவெளிக்குப் பழைய சேலையைச் சுருட்டி வைத்தாலே வித்தியாசம் தெரியும். இனிமேல்தான் வயர் போடப் போகிறீர்கள் என்றால், அதற்குக் கீழே வெப்பம் இறங்காத ஃபோம் பலகை போடச் சொல்லி மேசன் பாஸிடம் பிடிவாதமாக நில்லுங்கள். இல்லாவிட்டால் நிறையச் சூடு மண்ணுக்குப் போகும்.

2. யுனிட் கணக்குப் போடுங்கள். அம்மாவின் அறையில் அலுமாரி இருக்கும் இடத்தை விட்டு 7 சதுர மீட்டருக்கு வயர் ஓடுகிறது. சதுர மீட்டருக்கு 150 வாட்ஸ், ஆக 1,050 வாட்ஸ். விடாமல் ஒரு மணிநேரம் எரிந்தால் ஒரு யுனிட்டுக்குச் சற்று மேல். இரவு முழுக்க 10 மணிநேரம் எரிந்தால் மாதம் 300 யுனிட்டைத் தாண்டும்! வீட்டு பில்லில் யுனிட் கூடக்கூட விலையும் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

3. உங்கள் தரையின் நேரத்தைப் பிடியுங்கள். இதுதான் முக்கியமான படி. ஒரு நாள் மாலை, தரை நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட்டை 24இல் வைத்து, போட்ட நேரத்தைக் குறியுங்கள். அரை மணிக்கொருமுறை செருப்பைக் கழற்றி மிதித்துப் பாருங்கள். டைல்ஸ் பசைக்குள்ளேயே வயர் இருந்தால் ஒரு மணிக்குள் வந்துவிடலாம். தடிப்பான சீமெந்துக்குள் புதைந்திருந்தால் இரண்டு, மூன்று மணிநேரமும் ஆகும். எங்களுடையது 50 நிமிஷம். அம்மா 5 மணிக்கு எழும்புவார், அதனால் டைமர் 4.10க்கு. இரவில் 7.30க்குத் தொடங்கி 9.30க்கு நின்றுவிடும், அவர் தூங்கும் வரை மிச்சச் சூடு போதும்.

4. எந்தச் சூட்டைக் காட்டுகிறது என்று பாருங்கள். சில தெர்மோஸ்டாட்கள் அறைக்காற்றையும் சில தரையையும் அளக்கும், சிலவற்றில் இரண்டும் உண்டு. தரைக்கு 29 டிகிரிதான் உச்சம் என்று வையுங்கள், பலகைத் தரைக்கு 27. நாங்கள் 24க்கு மேல் போவதே இல்லை.

5. தரையை மூடாதீர்கள். தடித்த கார்ப்பெட், மெத்தை, காலில்லாத அலுமாரி எதுவும் வயருக்கு மேல் வேண்டாம். சூடு அடியிலேயே தேங்கி வயர் பழுதாகலாம். ஆணி அடிப்பது, துளை போடுவது அறவே கூடாது. லைனில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்துவது) கட்டாயம்; அது அடிக்கடி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சூடுநீர்க் குழாய் ஓடும் தரைக்கும் இதே பழக்கம்தான். தண்ணீர் 35 முதல் 45 டிகிரி இருந்தால் போதும், கொதிக்கத் தேவையில்லை.

இன்னொன்று. கரண்ட் போய் வந்தால் டைமரின் கடிகாரத்தைப் பாருங்கள், பட்டரி இல்லாதவை பூச்சியத்துக்குப் போய்விடும். ஒரு மழைநாள் மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது தரை சுட்டுக்கொண்டிருந்தது. அம்மா குறை எதுவும் சொல்லவில்லை. மூன்று நாளாகக் காயாத பிள்ளைகளின் ஸ்கூல் சொக்ஸை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.