ஷாட்கன் எது, ரைபிள் எது? பார்த்தே கண்டுபிடிக்கலாம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது ரைபிளில். அதே ஒலிம்பிக்ஸில் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் கையில் இருந்தது ஷாட்கன். “எல்லாம் துப்பாக்கிதானே?” என்று கேட்பவர்களுக்காக இது.

படி 1: குழலுக்குள்

ரைபிள், பிஸ்டல் குழல்களின் உட்சுவரில் மரை போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. குண்டு பம்பரமாகச் சுழன்று வெளியேறுவதால் தடுமாறாமல் போகும். ஷாட்கன் குழலோ உள்ளே வழவழப்பு. (மரை வெட்டிய ஷாட்கன்களும் உண்டு. இப்போதைக்கு அவற்றை விட்டுவிடுவோம்.)

படி 2: தோட்டாவுக்குள்

ரைபிள் தோட்டாவில் ஒரே குண்டு. ஷாட்கன் தோட்டா, அடியில் உலோக மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பி. அடியிலிருந்து பிரைமர் (தீ மூட்டும் சிறு மூடி), வெடிமருந்து, வாட் எனப்படும் பிளாஸ்டிக் கிண்ணம், அந்தக் கிண்ணம் நிறைய ஈய ரவை, அதாவது பொடிப்பொடி ஈயக் குண்டுகள். ஒலிம்பிக் தோட்டாவில் 24 கிராம் ரவை இருக்கும். குழலைத் தாண்டியதும் அது விரிந்து பரவும். போட்டியில் இலக்காகப் பறக்கும் 11 சென்டிமீட்டர் ‘களிமண்’ தட்டை உடைக்க இந்தப் பரவல்தான் கைகொடுக்கிறது. குசாலேக்கு அந்தச் சலுகை கிடையாது: 50 மீட்டர் தூரத்தில் அசையாமல் நிற்கும் இலக்கு, நடுவில் 10.4 மில்லிமீட்டர் வட்டம், ஒரே குண்டு.

படி 3: எண்ணைப் படிப்பது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ரைபிளில் .22 என்றால் 0.22 அங்குலம், சரி. ஷாட்கனில் ‘12 போர்’ (bore, குழல் துளையின் அளவு) என்றால்? ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிடியுங்கள். ஓர் உருண்டையின் விட்டமே குழலின் விட்டம்: சுமார் 18.5 மில்லிமீட்டர். அதே ஈயத்தில் 20 பிடித்தால் உருண்டை சிறுத்துவிடும் அல்லவா? அதனால் 20 போர் குழல் 12 போரைவிடக் குறுகல், சுமார் 15.6 மில்லிமீட்டர். இதில் சேராதது .410, அது மட்டும் அங்குலக் கணக்கு.

படி 4: குழல் முனை

ஷாட்கன் முனையில் ‘சோக்’ என்ற சிறு குறுகல் இருக்கலாம். குறுகல் கூடினால் ரவை நெருக்கமாகப் போகும்.

படி 5: குறி பார்ப்பது

ரைபிள்காரர் மூச்சடக்கி அசையாமல் இருப்பார். ஷாட்கன்காரர் தட்டோடு சேர்ந்து குழலைத் திருப்பி, அது போகப்போகும் இடத்தில் சுடுவார். ரவை சீக்கிரம் வேகம் இழக்கும் என்பதால் சில பத்து மீட்டர்தான் அதன் ராஜ்ஜியம்.

வங்கி வாசல் காவலர் வைத்திருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி பெரும்பாலும் 12 போர் ஷாட்கன்தான். உள்ளே வழவழப்பா என்று மட்டும் குனிந்து பார்க்காதீர்கள்.