அடுப்படி மேடைக்கு டைல்ஸ் மாற்றியது: என் அனுபவம்

ரங்கூனில் எங்கள் ஃபிளாட்டின் அடுப்படி மேடையில் முன்பு வேலை பார்த்த கொத்தனார் சுவருக்குப் போடும் செராமிக் டைல்ஸையே ஒட்டியிருந்தார். கொதிக்கிற குழம்புச் சட்டியை இறக்கி வைத்து வைத்து மேல்பூச்சில் மயிரிழை வெடிப்பு விட்டு, டைலுக்கும் டைலுக்கும் நடுவே உள்ள இணைப்புக் கோடுகளில் மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கறுத்து, மழைக்காலம் வந்தால் பூஞ்சை வேறு. விரலால் தட்டினால் பாதி டைல்ஸ் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம், அடியில் பிடிப்பு விட்டிருந்தது.

சரி என்று மொத்தமாகப் பெயர்த்துவிட்டோம். கடையில் டைலைத் திருப்பி, அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சுவர் டைல் மடமடவென்று குடித்துவிடுகிறது. அதிகச் சூட்டில் சுட்டுக் கெட்டியாக்கிய போர்சலின் டைலில் சொட்டு அப்படியே நிற்கிறது. அது உறிஞ்சுகிற நீர் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. கடைக்காரர் மார்பிளைத்தான் தள்ளப் பார்த்தார். புளிக்குழம்பும், மொகிங்காவுக்குப் (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) பிழிகிற எலுமிச்சையும் புழங்குகிற வீட்டில் மார்பிளா? புளிப்பு பட்ட இடம் மங்கிவிடும், துடைத்தால் போகாது.

60-க்கு 60 சென்டிமீட்டர் போர்சலின் எடுத்தோம். டைல் பெரிதானால் கோடு குறையும், கறை பிடிப்பதே கோட்டில்தானே. கோட்டுக்குச் சிமென்ட் வேண்டாம், எபாக்சி க்ரவுட்தான் (கோட்டை அடைக்கும் பிசின் கலவை). விலை கூட, சீக்கிரம் இறுகியும் விடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பூசிய கையோடு ஈர ஸ்பாஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள், காய்ந்துவிட்டால் சுரண்டுவதற்குள் உயிர் போய்விடும்.

குளியலறை வாஷ்பேசின் மேடைக்கும் இதே டைல்தான். அங்கே மேடையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் க்ரவுட்டுக்குப் பதில் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் சிலிகான் அடிக்கச் சொன்னேன். மூலையில் க்ரவுட் போட்டால் விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கும்.