பாய்லர்: மூடிக்கு வெளியே உள்ள வேலை உங்களுடையது

பிரிட்டனில் நவம்பர் மாதம் வீடு மாறுபவர்களுக்கு முதல் சோதனை சமையலறை அலமாரிக்குள் ஒளிந்திருக்கும். வெள்ளைப் பெட்டி, அதன் அடியில் நாலைந்து செப்புக் குழாய்கள். பெரும்பாலும் அது 'காம்பி' வகை பாய்லர். அறைகளைக் கதகதப்பாக்கும் சுவர்த் தகடுகளான ரேடியேட்டர்களைச் சூடாக்குவதும் குளிக்க வென்னீர் தருவதும் அதுவே. சேமித்து வைக்கும் தொட்டி கிடையாது. ஊரில் குளிக்கும் முன்பே கீசரைப் போட்டுவைத்த பழக்கத்தை இங்கே மறந்துவிடலாம். குழாயைத் திறந்தால் பாய்லர் தானாகப் பற்றிக்கொள்ளும். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் வந்து ஓயும், அவ்வளவுதான்.

திடீரென வீடு குளிர்ந்து போனால் உடனே ஆளைக் கூப்பிடாதீர்கள். முதலில் அழுத்தமானியைப் பாருங்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 'பார்' (அழுத்தத்தின் அலகு) வரை நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது. பல வீடுகளில் பாய்லருக்கு அடியில் வெள்ளிநிறக் கம்பி பின்னிய சிறு குழாய் ஒன்றும் அதன் முனைகளில் வால்வுகளும் இருக்கும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, வால்வுகளை மெல்லத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு ஏறும். முள் 1.5-ஐத் தொடும் முன் இரண்டையும் இறுக மூடிவிடுங்கள். மூட மறந்தால் அழுத்தம் 3 பார் வரை ஏறி, பாதுகாப்பு வால்வு வழியாக வெளிச்சுவரில் தண்ணீர் கொட்டும். வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்; அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

ரேடியேட்டர் கீழே சுட்டு மேலே குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து, மேல் ஓரத் திருகைச் சிறு சாவியால் கால் சுற்றுத் திருப்புங்கள். 'உஸ்' சத்தம் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடுங்கள். பிறகு அழுத்தத்தை மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

கடும் உறைபனி நாளில் பாய்லர் குளுகுளுவென்று சத்தமிட்டு நின்றால், பாய்லரிலிருந்து வெளியே போகும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம். கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் அதன்மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம்.

முன்மூடியைக் கழற்றும் உரிமை உங்களுக்கு இல்லை. எரிவாயு வேலைக்கு வருபவர் 'கேஸ் சேஃப்' என்ற அதிகாரபூர்வப் பதிவேட்டில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரது அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் இருக்கும். 'தெரிந்த அண்ணன் பாதி விலைக்குச் செய்வார்' என்ற யோசனை கோயிலிலும் கடையிலும் காதில் விழும். பெயின்ட் அடிக்க அந்த அண்ணனைக் கூப்பிடுங்கள், பாய்லருக்கு வேண்டாம். வாடகை வீடென்றால் ஆண்டுக்கொரு முறை எரிவாயுச் சோதனை செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு, செலவும் அவருடையது. சான்றிதழின் நகலைக் குடியேறும் முன்பே வாங்கிவிடுங்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவர் பொருத்தித் தர வேண்டும்.

எரிவாயு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ஜன்னல்களைத் திறந்து, மீட்டர் அருகிலுள்ள கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பிவிட்டு, வெளியே வந்து 0800 111 999-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மிச்சம் பிடிக்கிறேன் என்று பாய்லரை முழுவதும் அணைத்துவிடாதீர்கள். குழாய் உறைந்து வெடித்தால் மிச்சம் பிடித்ததைவிடப் பலமடங்கு செலவு வரும். தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்து, ஹீட்டிங்கை ஓடவிட்டுப் போங்கள்.