பாட்டாவின் பட்டாள மெடலைப் படிப்பது எப்படி

முதலில் ஒன்று: புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பிராஸோ பாலிஷும் வேண்டாம். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கார்த்திகைக்கு விளக்கு துலக்கும்போது பாட்டாவின் நட்சத்திர மெடலையும் சேர்த்துத் துலக்கிவிடுவார்கள். பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் பின்பக்கம் பொறித்திருந்த நம்பரில் இப்போது மூன்று இலக்கம்தான் மிச்சம், பெயர் சுத்தமாகப் போய்விட்டது. யாரோ தங்கமா என்று உரைகல்லில் உரசிப் பார்த்த கீறல் வேறு ஒரு முனையில் இருக்கிறது. தங்கமில்லை, செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் உலோகம்தான்.

சரி, ட்ரங்குப் பெட்டியிலிருந்து மெடல் கிடைத்தால் முதலில் வடிவத்தைப் பாருங்கள். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் கிரீடம், அதன் கீழே ஜி, ஆர், ஐ என்ற எழுத்துகள் பின்னிக் கிடந்தால் அது இரண்டாம் உலகப்போர் காலத்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர், பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம் அது. அந்த ‘ஐ’தான் பேரரசர், அதாவது நம்மை ஆண்ட பட்டம். எந்தக் களம் என்பதைச் சுற்றியுள்ள வளையத்திலேயே எழுதியிருக்கும்: பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்று.

எழுத்து தேய்ந்திருந்தாலும் ரிப்பன் சொல்லிவிடும், அந்த வடிவமைப்பின் அழகே அதுதான். பர்மா ஸ்டாருக்குக் கருநீலம், நடுவில் காமன்வெல்த் படைகளுக்கான சிவப்புப் பட்டை, இரண்டு நீலத்திலும் சூரியனைக் குறிக்கும் ஒரு ஆரஞ்சுக் கோடு. ஆப்பிரிக்காவுக்குப் பாலைவன மணல் நிறம். இத்தாலிக்கு அந்த நாட்டுக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு.

இங்கே குடும்பக் கதைகளைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டியிருக்கும். பர்மா ஸ்டார் இருந்தாலே பாட்டா பர்மாக் காட்டில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டார் என்று அர்த்தமில்லை, குறிப்பிட்ட காலங்களில் வங்காளத்திலும் அசாமிலும் பணியில் இருந்தவர்களுக்கும் அது கிடைத்தது. இதைச் சொன்னதற்கு என் மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வட்டமாக, வெள்ளி நிறத்தில், பின்பக்கம் ஒரு சிங்கம் இரட்டைத்தலை டிராகன் மேல் ஏறி நின்றால் அது வார் மெடல், 28 நாள் பணி செய்திருந்தாலே கிடைக்கும். இந்திய வரைபடம் இருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல். அதற்கு மூன்று வருஷம் பணி செய்திருக்க வேண்டும்.

அப்புறம் பெயர். நட்சத்திரமானால் பின்பக்கம், வட்டமானால் விளிம்பு. பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள், இந்தியப் படையினரில் பலருக்குப் பொறித்தார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட் என்று சுருக்கமாக இருக்கும். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், அதாவது பொறியியல் படை வீரர், அப்படியானால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸின் ரிக்கார்ட்ஸ் ஆபீஸில் விசாரிக்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டனில் விசாரிக்கலாம். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றால் சப்ளை, லாரி வேலை பார்த்த படை. பெயரின் ஸ்பெல்லிங்கை நம்பாதீர்கள், நம்பரை நம்புங்கள்.

ரிக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதிக் கேட்கும்போது நம்மூர்க்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறோம். 1956 நவம்பர் 1 வரை நம் கன்னியாகுமரி மாவட்டமே கிடையாது, உலகப்போர் காலத்தில் நாம் திருவிதாங்கூர் சமஸ்தானம். பழைய காகிதத்தில் கன்னியாகுமரி மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. திருவிதாங்கூர் என்றும், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற தாலுகாப் பெயர்களைக் கொண்டும் தேடுங்கள்.

மெடலில் அசோகச் சிங்கம் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தையது. 1971 போருக்குப் பூர்வி ஸ்டார் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனை. 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார்.

பத்திரப்படுத்த, பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் போதும். நம்மூர்க் கடல்காற்றுக்கு பிளாஸ்டிக் கவர் ஆகாது, உள்ளே ஈரம் நின்றுவிடும். ரிப்பன் கந்தலாக இருந்தாலும் மாற்றாதீர்கள். பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் இன்றைக்கே ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டுப் புத்தகத்தைக் கரையான் பாதிக்குமேல் தின்றுவிட்டது.