மார்கழியில் பாட்டுக் கேட்கப் போகிறீர்களா? பத்திர வேலையை வேறு மாதத்துக்கு வையுங்கள்

கர்நாடக சங்கீதம் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகவே, சபாக்கள் என்னும் இசை அமைப்புகள் கச்சேரி விழா நடத்தும் டிசம்பரில் இந்த முறை சென்னைக்குப் போனேன். டொராண்டோவுக்கு வந்து பதினேழு வருடம். ஊருக்குப் போனதெல்லாம் ஜூலை, ஆகஸ்டில்தான். பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு. "ஒரு தடவையாவது மார்கழியில வாடா, சேர்ந்து சபாவுக்குப் போகலாம்" என்று அப்பா வருடா வருடம் போனில் சொல்வார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பேன். அவர் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் டிசம்பருக்கு டிக்கெட் போட்டேன்.

கையில் இருந்தது பதினான்கு நாள். அதில் ஏழு நாள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் போயிற்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலருக்கும் இது நடக்கும்.

வந்து இறங்கிய மூன்றாம் நாள் சித்தப்பா கூப்பிட்டார். பூர்வீக மனையில் அவர் மகன் வீடு கட்டப்போகிறான். அப்பாவின் பாகத்தை விட்டுக்கொடுத்து நான் விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும். "அரை நாள் வேலை தம்பி, ஒரு கையெழுத்துதான்" என்றார். இரவு ரயிலில் கிளம்பினேன்.

வாரிசுச் சான்றிதழில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வர ஒரு நாள். மறுநாள் சர்வர் இல்லை. அதற்கு மறுநாள் இரண்டு சாட்சிகளில் ஒருவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அப்புறம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை டோக்கன் வந்தபோது அதிகாரி விடுப்பில் இருந்தார். செவ்வாய் மாலை கையெழுத்து போட்டேன். அதற்குள், டொராண்டோவிலிருந்தே இணையத்தில் டிக்கெட் எடுத்து வைத்திருந்த இரண்டு கச்சேரிகள் சென்னையில் நடந்து முடிந்திருந்தன.

சித்தப்பா மேல் எனக்குக் கடுமையான கோபம். தினமும் பிளாஸ்கில் காபி கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிக் கொடுப்பார். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில் ராத்திரி கண் விழித்தவர் அவர்தான். நான் வர முடியாத நேரத்தில் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்து போட்டவரும் அவர்தான். அது தெரிந்தும் கோபம் போகவில்லை.

ஆகவே, சொத்து வேலை இருந்தால் உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து போட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) இந்தியத் துணைத் தூதரகத்தில் முடித்து அனுப்பிவிடுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். பெயர்க் குழப்பத்தையும் கிளம்பும் முன்பே பாருங்கள். உறவினரிடம் போனிலேயே தெளிவாகப் பேசிவிடுவது நல்லது. நேரில் போய் நின்றபின் மறுக்க முடியாது.

சார்பதிவாளர் அலுவலகப் பெஞ்சில் காத்து உட்கார்ந்துதான் நான் பாட்டுக் கேட்டுப் பழகினேன். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மோகன ராகத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதில் ஐந்து ஸ்வரம்தான்: ஸ ரி க ப த. நான்காம் நாள் ஹம்சத்வனி ராகத்தைப் போட்டபோது எதுவோ மாறியிருப்பது காதுக்கே தெரிந்தது. தைவதம் (த) இருந்த இடத்தில் நிஷாதம் (நி) வந்திருக்கிறது, மற்ற நான்கும் அதேதான். மேளகர்த்தா எனும் 72 தாய் ராகங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்து இந்த இடத்துக்கு வர முடியாது. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே இரண்டு மூன்று ராகங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் குரலில், வயலினில், நாகஸ்வரத்தில் கேளுங்கள்.

தாளத்துக்கு ஆதி தாளம் ஒன்று போதும். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டி வீச்சு, மறுபடி தட்டி வீச்சு. மொத்தம் எட்டு. தவறினால் வெட்கப்படாமல் அடுத்த தட்டில் சேர்ந்துகொள்ளுங்கள்.

இரண்டரை மணி நேரக் கச்சேரியில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாததால்தான் புதியவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். பெரும்பாலும் வர்ணம் என்னும் தொடக்கப் பாட்டில் தொடங்கும், சில கீர்த்தனைகள் வரும். நடுவில் ஒரு ராகத்தை நீண்ட நேரம் தாளமில்லாமல் விரித்துப் பாடி, அதாவது ஆலாபனை செய்து, வயலினும் அதே ராகத்தை வாசித்தால், அதுதான் முக்கியமான பாட்டு என்று நிமிர்ந்து உட்காருங்கள். ஒரே வரியைப் பல விதமாகப் பாடும் நிரவல், ஸ்வரங்களை அப்போதைக்கப்போது கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம், கடைசியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம். அதன் பிறகு துக்கடாக்கள் என்னும் சின்னப் பாட்டுகள், முடிவாக மங்களம். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைப்படுத்திய முறை இது. தனி ஆவர்த்தனத்தில் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். மிருதங்கக்காரரின் விரல்கள் தெரிகிற பக்கமாக உட்காருங்கள்.

சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இருக்கிறதே என்று தயங்குபவர்கள் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் ஆகியோரின் தமிழ்ப் பாடல்களில் தொடங்கலாம். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம், ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பரில் நடத்தும் விழாவுக்குப் போங்கள். சொல் புரியும்போது நிரவலில் பாடகர் என்ன செய்கிறார் என்பதும் புரியும்.

கனடா, அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு முதல் வாரம் மாலைக் கச்சேரி வேண்டாம், தூக்கம் வந்துவிடும். பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை, இளம் கலைஞர்கள் பாடுவார்கள். விடியுமுன் விழிப்பு வந்தால் படுத்துக் கிடக்காமல் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போங்கள். பாபநாசம் சிவன் முன்னின்று பாடிய மார்கழி பஜனை வீதி அது. பனியில் நடந்துகொண்டே பாடுவார்கள். அப்பா அங்கே போவார் என்று தெரியும். எந்த இடத்தில் நின்று கேட்பார் என்று கேட்டுவைத்துக்கொண்டதில்லை.

திரும்பும் டிக்கெட்டைப் பற்றி ஒன்று. திருவையாற்றில் தியாகராஜரின் நினைவு விழாவான ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள்), பெரும்பாலும் ஜனவரியில் வரும். காவிரிக் கரையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் அவர் இயற்றிய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடுவார்கள். பஞ்சாங்கத்தில் தேதி பார்த்து, அதற்குப் பிறகு டிக்கெட் போடுங்கள். பத்திரம் முடிந்து வெளியே வந்தபோது சித்தப்பா, "நானும் உங்கப்பாவும் வருஷம் தவறாமப் போவோம். ரெண்டு வருஷமா நான் போகல. நீ இருந்தா போகலாம் தம்பி" என்றார். நான் டிசம்பர் 28ஆம் தேதிக்கே டிக்கெட் போட்டிருந்தேன்.