பழைய வண்டியில் எம்பிஎஃப்ஐ இன்ஜின்: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதியின் பழைய கார்புரேட்டர் ஜிப்ஸிக்குள், எஸ்டீம் காரின் எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) இன்ஜினை இறக்கும் ஆசை பையன்களுக்குக் குறைந்தபாடில்லை. குறைய வேண்டியதும் இல்லை. 16 வால்வு இன்ஜினோடு ஒரு மலைப்பாதை ஏறிப் பார்த்தவர்கள் பழையதற்குத் திரும்ப மாட்டார்கள். மவுண்ட், பெல் ஹவுசிங், ரேடியேட்டர் வேலையையெல்லாம் கைதேர்ந்த லேத்காரர் ஒருவர் முடித்துக் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம்தான் வண்டி மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. காரணம் வயரிங். நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தை இன்றைய பிள்ளைகள் கையில் யூடியூப் இருந்தும் விடாமல் அடிக்கிறார்கள்.

பேட்டரியைக் கழற்றாமல் வேலை பார்ப்பது, ஃபியூஸ் இல்லாமல் வயர் இழுப்பது, ஈசிஎம்மை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) கழற்றாமல் வெல்டிங் வைப்பது, இந்த அடிப்படைத் தவறுகளையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர்கள் இந்த வேலையில் கையே வைக்கக் கூடாது.

எர்த்

இதை மட்டும் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற விஷயம் இதுதான்.

கார்புரேட்டர் வண்டியில் எர்த் என்றால் பல்பு எரிய, ஹாரன் அடிக்க, செல்ஃப் சுற்ற. அரை வோல்ட் வழியில் தொலைந்தால் ஹெட்லைட் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஈசிஎம்முக்கு அப்படியில்லை. அது எல்லா சென்சாரையும் எர்த்திலிருந்துதான் அளக்கிறது. தராசு முள்ளே தள்ளி நின்றால் எடை எப்படிச் சரியாக வரும்? ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது த்ராட்டில் சென்சார் தருவது சுமார் 0.5 வோல்ட். ஆக்ஸிஜன் சென்சாரின் மொத்த ஆட்டமே 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில். இங்கே அரை வோல்ட் என்பது மலையளவு.

ஒரு தம்பி ஜிப்ஸியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பகலில் பிரச்சினையே இல்லை. இரவில் ஹெட்லைட் போட்டால் ஐட்லிங் ஏறி இறங்குகிறது, ஃபேன் ஓடினால் இன்னும் மோசம், பெட்ரோலையும் குடிக்கிறது. அதற்குள் புது த்ராட்டில் சென்சார், புது மேப் சென்சார் (மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது), ஐட்லிங் வால்வு, கடைசியாகச் சென்னைப் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் இரண்டாவது ஈசிஎம், எல்லாம் வாங்கியாயிற்று. மெக்கானிக் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னாராம், அவரும் மாற்றினாராம்.

"எர்த் பார்த்தீங்களா தம்பி?"

"எர்த்ல என்னண்ணே குறை? செல்ஃப் சும்மா பறக்குதே."

பறக்கத்தான் செய்யும். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தடியான கேபிள் போட்டிருந்தார், செல்ஃபுக்கு அது போதும். பிளாக்குக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற எர்த் பட்டைதான் கோளாறு. வண்டியை அழகாக்க பிராக்கெட் எல்லாவற்றுக்கும் பவுடர் கோட்டிங் அடித்து, அந்தப் பளபளப்பின் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கியிருந்தார். போல்ட் மரையில் எங்கோ கொஞ்சம் உலோகம் பட்டு, அது வழியாகத்தான் வண்டியின் மொத்த எர்த்தும் போய்க்கொண்டிருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சென்சார்களின் எர்த் வயர் ஐந்தையும் சேர்த்து முறுக்கி, ஃபயர்வாலில் ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் கொடுத்திருந்தார். ஈசிஎம் எர்த்தோ "நல்லா இருக்கட்டும்" என்று நேராகப் பேட்டரிக்கு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை அந்த ஸ்க்ரூவிலும் வைத்தேன். இன்ஜின் மட்டும் ஓடும்போது 0.08 வோல்ட். ஹெட்லைட், ஃபேன், புளோயர் எல்லாம் போட்டதும் 0.42.

இந்த 0.42 எல்லா சென்சார் மேலும் ஏறிக்கொள்கிறது. த்ராட்டில் சென்சார் 0.9 என்கிறது, உடனே ஈசிஎம் 'கால் பெடலில் இருக்கிறது' என்று எண்ணி ஐட்லிங் கட்டுப்பாட்டை விட்டுவிடுகிறது. கூலன்ட் சென்சாரில் வோல்ட் கூடினால் இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதனால் பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது. சென்சார் ஒன்றும் பொய் சொல்லவில்லை. மாற்றியது அத்தனையும் தண்டம்.

பிராக்கெட்டில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கோட்டிங்கைச் சுரண்டக் கேட்டபோது அந்தத் தம்பி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவ்வளவு செலவு செய்தவருக்குச் சுரண்ட மனசு வரவில்லை.

இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து. பாடிக்கு மட்டும் கேபிள் கொடுத்துவிட்டு, பிளாக்குக்குப் பட்டை போட மறந்துவிடுவார்கள். செல்ஃப் இழுக்கிற நூறு ஆம்பியருக்கு மேலான கரண்ட் எப்படியாவது பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும், கிளட்ச் கேபிள் வழியாகப் போகும். கேபிள் சூடாகி உள் உறை உருகி ஒட்டிக்கொள்ளும். ஈசிஎம்மின் எர்த் பிளாக்கில் இருந்து, அதன் பெட்டி பாடியில் முறுக்கியிருந்தால் அதற்குள்ளும் புகுந்து போகும். போர்டில் இருக்கிற மெல்லிய தடம் எரிந்த பிறகு எந்தக் கடையிலும் உத்தரவாதம் கிடையாது.

ஆக, செய்ய வேண்டியது: பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக பிளாக்குக்குத் தடித்த கேபிள். பிளாக்கிலிருந்து பாடிக்கும் சேஸிஸுக்கும் தனித்தனிப் பட்டை, வெறும் உலோகத்தில், முறுக்கியபின் கிரீஸ் பூச்சு. ஈசிஎம்மின் பவர் எர்த்தை, இன்ஜின் கொடுத்த வண்டியில் எங்கே இருந்ததோ அங்கேயே, சிலிண்டர் ஹெட்டிலோ மேனிஃபோல்டிலோ கொடுங்கள். சென்சார் எர்த் ஈசிஎம்முக்கு மட்டும்தான் திரும்ப வேண்டும், பாடியைத் தொடவே கூடாது.

சோதிக்கும்போது மீட்டரை 'பீப்' சத்தத்தில் வைக்காதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். டிசி வோல்ட்டில் வைத்து, லோடு கொடுத்துப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் நடுவில் 0.2 வோல்ட்டைச் சுற்றி இருக்கலாம். எல்லா லைட்டும் போட்ட நிலையில் ஈசிஎம் எர்த் பின்னில் 0.1-ஐத் தாண்டவே கூடாது.

சாவி ஸ்விட்சில் தப்பான முனை

செல்ஃப் அடிக்க அடிக்க ஸ்டார்ட் ஆகாது. சாவியை விட்ட கணத்தில் ஒரு உதை உதைத்து நிற்கும். இப்படி நடந்தால் ஈசிஎம்முக்கு ரேடியோ ஓடுகிற முனையிலிருந்து சப்ளை எடுத்திருக்கிறீர்கள். ஸ்டார்ட் நிலையில் அந்த முனை செத்துவிடும். ஆன், ஸ்டார்ட் இரண்டிலும் 12 வோல்ட் நிற்கிற முனையைத் தேடுங்கள். அதையும் ரிலேயை இழுக்க மட்டும் பயன்படுத்துங்கள். பழைய ஸ்விட்ச் முழு லோடைத் தாங்காது.

பெட்ரோல் பம்ப்

பம்பை நேராகச் சாவியில் கொடுப்பது ரொம்ப சுலபம், ரொம்பப் பேர் செய்கிறார்கள். வண்டி கவிழ்ந்து இன்ஜின் நின்றாலும் பம்ப் நிற்காது. அறுந்த ஹோஸ் வழியாக பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பம்ப் ரிலேயை ஈசிஎம்தான் இழுக்க வேண்டும். சாவி போட்டதும் இரண்டொரு விநாடி ஓடி நிற்கும், இன்ஜின் சுற்றினால்தான் மறுபடி ஓடும். அதுதான் சரியான நடத்தை, 'பம்ப் நின்னுடுது' என்று பதறி பைபாஸ் பண்ணாதீர்கள்.

பழைய ஹோஸும் ஆகாது. கார்புரேட்டருக்குப் போனது 3, 4 பிஎஸ்ஐ. இன்ஜெக்டருக்குப் போவது 40-ஐ ஒட்டி.

ஸ்பீடு சென்சார்

சிக்னலுக்கு உருண்டு வரும்போது இன்ஜின் நின்றுபோகிறதா? எஸ்டீம் ஈசிஎம் கியர்பாக்ஸிலிருந்து வேகத் தகவலை எதிர்பார்க்கிறது. ஜிப்ஸியிலோ ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) வெறும் ஸ்பீடோமீட்டர் கேபிள். கேபிள் வழியில் சேர்க்கிற மாதிரி சென்சார் கிடைக்கிறது, போட்டுவிடுங்கள்.

ஐகேட்ஸ்

இது மாருதியின் திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர், சாவி பொருந்தாவிட்டால் இன்ஜினை ஓட விடாது. அதனால் ஈசிஎம் வாங்கும்போது அதே வண்டியின் சாவியும் இம்மொபிலைசர் பெட்டியும் கூடவே வர வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வெட்டின ஹார்னஸ்

ஹார்னஸ் என்பது இன்ஜினின் மொத்த வயர்க் கட்டு. அதை ஈசிஎம் சாக்கெட்டோடு ஒரு சாண் வயர் விட்டு வெட்டிக் கொடுப்பார்கள், விலையும் குறைவு. முழு ஹார்னஸ் இல்லாத இன்ஜினுக்கு முன்பணமே கொடுக்க வேண்டாம்.

ஆக்ஸிஜன் சென்சார் வயரில் சால்டர்

வேண்டாம். வெளிக்காற்று அந்த வயருக்குள்ளாகத்தான் சென்சாருக்குப் போகிறது, சால்டர் அந்த வழியை அடைத்துவிடும்.

செக் இன்ஜின் லைட்

"பழைய டாஷ்போர்டு அழகு கெட்டுடும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஓர் ஓரமாகச் சின்ன பல்பு ஒன்றும், டயக்னாஸ்டிக் சாக்கெட்டும் கட்டாயம் வையுங்கள்.

ஆர்டிஓ

வண்டியில் மாற்றம் செய்வது பற்றிச் சொல்வது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. இன்ஜின் வாங்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி பற்றிப் பேசிவிடுங்கள், இன்ஜின் வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். எல்லாம் முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் ஆர்சி புக்கில் பழைய இன்ஜின் நம்பரே நிற்கும். ஒரு விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறந்து முதலில் படிப்பது அந்த நம்பரைத்தான்.